சிவப்பு விளக்கு மட்டும் மங்கினால்

புத்தூர்
14-11-60

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த அன்றே உங்களுக்கு ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். எழுதுவது என்னைப் பெற்ற நைனா விட்டுப்போன பஸ்ஸுக்காக.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பித்ததிலிருந்து காலையில் வண்டி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஸ்டார்ட்டர் முனகுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. காற்று உள்ளே போகிற குழாயில் நீங்கள் மாட்டி வைத்தீர்களே ஹீட்டர், அது சுடவே இல்லை. டிரைவர் முனிரத்தினம் பித்தானை அமுக்கிக்கொண்டே கைப்பம்பை அடிக்கிறார். டீசல் போகிறது, ஆனால் அதைப் பற்றவைக்க அங்கே சூடு கிடையாது. குளிர்ந்த காற்றைக் குடித்துவிட்டு எஞ்சின் வெள்ளைப் புகையாகத் தும்முகிறது. கடைசியில் திருப்பதிக்கு டிக்கெட் வாங்கின ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கிக் கடைத்தெரு முனை வரைக்கும் தள்ளுகிறார்கள்.

சின்னசாமி மோட்டார் சர்வீஸ் என்று நைனா எழுதி வைத்த பெயரை இப்போது ஒருவரும் சொல்வதில்லை. தள்ளு வண்டி என்றுதான் சொல்கிறார்கள். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிற ஊர்தானே, வண்டிக்கும் ஒரு கட்டுப் போட்டுப் பாருங்களேன் என்று டீக்கடையில் ஒருவர் யோசனை சொன்னார். ஊரில் இருக்கிற மெக்கானிக்கோ எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார்.

மானம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. எல்லை பிரிந்த பிறகு புத்தூரிலிருந்து திருத்தணிக்குப் பஸ் விட இரண்டு ராஜ்யத்தின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. நைனா ஆயுசு முழுக்க ஓட்டின ரூட் சித்திரையோடு நின்றுபோய், திருப்பதி ரூட் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்போது அதே திருத்தணி ரூட்டில் ஓட சித்தூர் ஆபீஸில் ஒரே ஒரு பஸ்ஸுக்குப் பர்மிட் கொடுக்கப் போகிறார்கள். நான் கேட்டிருக்கிறேன், நகரியில் பஸ் விடுகிற ரங்கையாவும் கேட்டிருக்கிறார். மார்கழியில் பிரேக் இன்ஸ்பெக்டர் இங்கேயே வந்து, விடியற்காலையில் வண்டி கிளம்புகிறதா என்று பார்ப்பாராம். தானாகக் கிளம்பாத வண்டிக்கு ரூட் கிடையாது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டினவளை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, அப்போது வண்டியிலிருந்து எதைக் கழற்றினீர்கள்? அதை மட்டும் எழுதினால் போதும்.

அலர்மேல்மங்கை


திருத்தணி
18-11-60

மங்கைக்கு,

எதைக் கழற்றினேன் என்று கேட்டிருக்கிறாய். கொடியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சட்டையை எடுத்தேன். வேட்டி ஈரமாக இருந்தது, விட்டுவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. என் கையால் மாட்டின ஹீட்டரை நானே கழற்றிக்கொண்டு போவேன் என்று நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

நான் கிளம்பியது வண்டி மேல் கோபித்துக்கொண்டு இல்லை. உனக்குத் தெரியும். புத்தூரும் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனேன், லத்தியடி பட்டேன். சேராவிட்டால் இந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று கடைத்தெருவில் அத்தனை பேர் முன்னால் சபதம் செய்தேன். கோடு கிழித்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம், புத்தூர் இந்தப் பக்கம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெட்டியைத் தூக்கினேன். நீ கூட வருவாய் என்று வாசல் வரைக்கும் நம்பினேன். நீயோ நைனா படத்தைத் துடைத்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு ஏது பாஷை? ஏறினவங்கள எறக்கி வுட்றதுதான் அதுக்கு வேல" என்றாய். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி. ஸ்டார்ட்டரும் முனகுகிறது, ஹீட்டரும் சுடவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பேட்டரி. அது என் காலத்திலேயே கிழடு. திருப்பதியில் புதிது வாங்கு. ஸ்டேஷன் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் எனக்கு லாரி வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

வேதாச்சலம்


புத்தூர்
25-11-60

மாமாவுக்கு,

திருப்பதிக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினோம். மறுநாள் காலையும் தள்ளினோம். புது பேட்டரியால் ஒரே லாபம், ஹாரன் கணீரென்று அடிக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே தள்ளு வாங்குகிற வண்டி ஜில்லாவிலேயே இது ஒன்றுதான்.

எங்கள் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற கங்கம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். அவள் தினமும் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கிறாள். "காசு குடுத்து ஏறிக்கினு, அப்பால எறங்கித் தள்ளிக்கினு போறாங்க. இதுக்கு நடந்தே போலாமேம்மா" என்று என்னிடமே சொல்கிறாள். இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்று கவனித்தேன், உங்களுக்கு நேரம் இருந்தால் படியுங்கள். சாவியைத் திருப்பினதும் எண்ணெய் விளக்கு, அதாவது எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்று எச்சரிக்கிற சிவப்பு விளக்கு, நன்றாக எரிகிறது. ஹீட்டர் பித்தானை அமுக்கினால் அது மங்கிப்போகிறது. விட்டால் மறுபடி எரிகிறது. புது பேட்டரி எப்படி அதற்குள் களைத்துப்போகும்?

வேட்டியைக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யார் கையில் கொடுத்தனுப்ப என்று எழுதவும்.

அலர்மேல்மங்கை


திருத்தணி
30-11-60

மங்கைக்கு,

வேட்டி அங்கேயே இருக்கட்டும்.

நீ எழுதின சிவப்பு விளக்கு என்னைத் தூங்க விடவில்லை. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டும் அதையே யோசிக்கிறேன். முதலாளி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

இரண்டு காரியம் செய். முதலாவது, ஹீட்டரைக் கழற்றி வெளியே எடுத்து, வயர் போட்டு நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார். சிவந்தால் அது நல்லது, சிவக்காவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இடுக்கியால் பிடி, கையால் பிடிக்காதே. இரண்டாவது, முன் விளக்கைப் போட்டுவிட்டு ஹீட்டர் பித்தானை அமுக்கு. எண்ணெய் விளக்கோடு சேர்ந்து முன் விளக்கும் மங்கினால் புது பேட்டரியிலேயே கோளாறு, கடைக்காரன் சட்டையைப் பிடி. சிவப்பு விளக்கு மட்டும் மங்கினால் எனக்கு எழுது. அதற்குக் காரணம் இப்போது எனக்குத் தோன்றவில்லை. எதிரில் வண்டி இருந்தால் தோன்றியிருக்கும்.

பனியில் நிற்கும்போது தலையில் துணி கட்டிக்கொள். உனக்குச் சளி பிடித்தால் தை வரைக்கும் விடாது.

வேதாச்சலம்


புத்தூர்
6-12-60

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெளியே எடுத்துப் பேட்டரியில் கொடுத்ததும் ஹீட்டர் கம்பி செக்கச்செவேல் என்று சிவந்தது. முனிரத்தினம் அதில் பீடி பற்றவைத்துக்கொண்டார். திரும்ப எஞ்சினில் மாட்டினால் பிணம்.

முன் விளக்கு மங்கவில்லை. சிவப்பு விளக்கு மட்டும்தான் மங்குகிறது. பல முறை அமுக்கிப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு கூத்து. பித்தானை நான் அமுக்கிக்கொண்டிருக்கும்போது முனிரத்தினம் எஞ்சின் பக்கம் குனிந்து ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பிடித்தார், ஐயோ என்று கையை உதறினார். "இன்னாம்மா இது, ஹீட்டர் சுடணும்னா கம்பி சுட்டுக்கினு கீது" என்கிறார். நானும் தொட்டுப் பார்த்தேன். சுடுகிறது. கால் மிதியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற வெறும் இழுவைக் கம்பி அது. அதற்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ரங்கையா வந்திருந்தார். "நீகெந்துகம்மா ஈ கஷ்டம், உனக்கு எதுக்கும்மா, வண்டியக் குடுத்துட்டு நிம்மதியா இரு" என்று நைனா படத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டே சொன்னார். காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை.

இன்ஸ்பெக்டர் வருவது இருபதாம் தேதி என்று சித்தூரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. நைனாவின் ரூட் என் கையில் வந்து போகப் போகிறது. உங்களைத் தவிர இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் சபதம் என்ன ஆகிவிடும்? ரயிலில் வந்தால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம்.

அலர்மேல்மங்கை


திருத்தணி
9-12-60

மங்கைக்கு,

நீ கூப்பிட்டு நான் வரமாட்டேன் என்று எழுதுகிற நாளும் வந்துவிட்டது.

என்னோடு ஊர்வலம் வந்தவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். வேதாச்சலம் பெண்டாட்டி கூப்பிட்டதும் ஓடிவிட்டான் என்றால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? புத்தூர் கடைத்தெருவில் யார் முன்னால் சொன்னேனோ அவர்கள் முன்னாலேயே எப்படி இறங்கி நடப்பது? இதை எழுதும்போதே எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல் சொல்தான்.

கம்பி ஏன் சுடுகிறது என்பதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். ரங்கையாவுக்கு வண்டியைக் கொடுத்துவிடாதே. அது மட்டும் கூடாது.

வேதாச்சலம்


புத்தூர்
12-12-60

மாமாவுக்கு,

வரமாட்டேன் என்ற கடிதம் வந்தது. படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம் என்றுதான் எடுத்தேன். அப்புறம் வண்டியிடம் போய் உட்கார்ந்தேன். உங்கள் மேல் வந்த கோபத்தில் மூளை நன்றாக வேலை செய்தது.

முன் விளக்கு மங்கவில்லை, எஞ்சின் மேல் இருப்பவை மட்டும் படுத்துக்கொள்கின்றன. ஹீட்டர், ஸ்டார்ட்டர், எண்ணெய் விளக்கின் சுவிட்ச், மூன்றும் எஞ்சினில் இருக்கின்றன. முன் விளக்கு மட்டும் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கிறது. அப்படியானால் பேட்டரி நல்லது, ஹீட்டர் நல்லது, இடையில் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும்தான் ஒத்துவரவில்லை. நாம் இத்தனை நாளும் கரண்ட் ஹீட்டருக்குப் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். போனது எஞ்சினிலிருந்து சேஸிஸ் வழியாகப் பேட்டரிக்கு வீடு திரும்ப வேண்டாமா? பெரிய வழி அடைத்துக்கிடக்கிறது, அதனால் பாவம் அது ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாக நெருக்கியடித்துக்கொண்டு திரும்புகிறது. கம்பி சுடாமல் என்ன செய்யும்?

பழைய பேட்டரியின் தடித்த வயரை எடுத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையை சேஸிஸிலும் அழுத்திப் பிடித்தேன். "அமுக்குங்க" என்றேன். முனிரத்தினம் அமுக்கினார். சிவப்பு விளக்கு கொஞ்சமும் அசையவில்லை. குழாயைத் தொட்டால் சுட்டது. இழுவைக் கம்பி ஜில்லென்று இருந்தது. நான் சிரித்த சிரிப்பில் கங்கம்மா பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

எஞ்சினையும் சேஸிஸையும் சேர்க்கிற எர்த் பட்டையைக் கழற்றினேன். அடியில் என்ன இருந்தது தெரியுமா? வெள்ளிப் பெயின்ட். அதற்கு மேல் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமப் பொட்டு, வைத்த அன்று இருந்த மாதிரியே.

வைத்தது நான்தான். நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை இல்லையா, உங்களை விட நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று வெறி. நீங்கள் வருஷா வருஷம் பட்டையைக் கழற்றாமல் மேலோடு பெயின்ட் அடிப்பீர்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். நான் ஒவ்வொன்றையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, அடியிலும் விடாமல் பெயின்ட் அடித்து, சாமி எல்லா இடத்திலும் இருக்கட்டும் என்று பொட்டும் வைத்து மாட்டினேன். மழை வரைக்கும் போல்ட்டின் திருகு வழியாக ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. துரு ஏறினதும் அதுவும் நின்றுவிட்டது.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கிற வரைக்கும் தேய்த்துவிட்டேன். குங்குமத்தைத் துடைக்கும்போது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மங்கை


திருத்தணி
12-12-60

மங்கைக்கு,

அவசரமாக இந்தக் கார்டு. சோறு துன்னும்போது தோன்றியது, பாதியில் கை கழுவிவிட்டு எழுதுகிறேன். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகிற எர்த் பட்டையைக் கழற்றி அடியில் பார். அழுக்கோ துருவோ இருக்கும். உடனே பார்.

வேதாச்சலம்


புத்தூர்
21-12-60

மாமாவுக்கு,

உங்கள் கார்டு மறுநாள், நான் பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையில் இருந்த கிரீஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. ஈரக் கையோடு படித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது என்று எனக்கு சந்தோஷம்தான். ஆனால் முதலில் தோன்றியது எனக்கு. அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நல்ல பனி. சேலைத் தலைப்பே நனைந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மப்ளர் கட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார். ரங்கையாவும் வந்தார், அவர் வண்டியை முந்தின நாளே நகரியில் பார்த்தாயிற்றாம். அது தானாகக் கிளம்பியது, ஆனால் எண்ணெய் விளக்கு எரியவே இல்லை, பல்பு இருந்த இடம் வெறும் ஓட்டை. திருப்பதி ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள். முனிரத்தினம் சாமி கும்பிட்டுவிட்டுச் சாவியைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, எல்லா ஆம்பிளைகளும் வழக்கம்போல் இறங்கிவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்க தோஷம். இன்ஸ்பெக்டருக்காக வண்டியை ஒரு வாரம் ஓட்டாமல் வைத்திருந்தேன், அது சரியானது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பின்னால் போய் வரிசையாக நின்று, பஸ் முதுகில் கை வைத்துக் காலை ஊன்றிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ரங்கையா மீசையைத் தடவினார்.

முனிரத்தினம் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹீட்டர் பித்தானை அமுக்கினார். விளக்கு மங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கைப்பம்பை அடித்தார், உள்ளே குப்பென்று பற்றுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஸ்டார்ட்டரைத் தொட்டார். ஒரே உறுமல். சிவப்பு விளக்கு அணைந்தது, எண்ணெய் ஏறிவிட்டது. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

பின்னால் நின்றவர்கள் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல், கையை நீட்டினபடியே நடுத்தெருவில் நின்றார்கள். இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள். அப்புறம் "நில்லு, நில்லு, எங்கள வுட்டுட்டுப் போறியே" என்று அத்தனை பேரும் வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். புத்தூரே சிரித்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எவரூ நெட்டலேதா?" என்று என்னிடம் கேட்டார். யாருமே தள்ளவில்லையா என்று. லேதண்டி, யாரும் தள்ளவில்லை, அதுவாகவேதான் போகிறது என்றேன். பேனாவைத் திறந்தார். ரங்கையா காபி கூடக் கேட்காமல் கிளம்பினார். பெருமையாக இருக்கிறது மாமா, மறைக்க மாட்டேன். நைனா இருந்திருந்தால் தெருவுக்கே லட்டு கொடுத்திருப்பார். நான் டீக்கடைக்கு மட்டும் கொடுத்தேன்.

இப்போது நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரக்கோணத்திலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி அதே நேரத்தில் ஸ்டேஷனில் நின்றது. கங்கம்மா ஜன்னல் ஜன்னலாகப் பூ விற்கப் போனாளாம். "உங்க ஊட்டுக்காரரு உள்ள குந்திக்கினு கீறாரும்மா. எறங்குங்க சாமின்னேன், தல ஆட்டிக்கினே இருந்தாரு, எறங்கல" என்கிறாள். உண்மையா? வேலையை விட்டுவிட்டு, டிக்கெட் வாங்கி, புத்தூர் வரைக்கும் வந்து, பெட்டியை விட்டு இறங்காமல் போன மனிதரை நான் என்ன சொல்லித் திட்டுவது?

மேலிடத்துக் கையெழுத்துகள் வந்ததும் பொங்கலை ஒட்டித் திருத்தணிக்கு முதல் ட்ரிப். நாள் தெரிந்ததும் கார்டு போடுகிறேன்.

மங்கை


திருத்தணி
10-1-61

மங்கைக்கு,

போகி அன்று முதல் ட்ரிப் என்ற உன் கார்டு வந்தது. அதற்கு முந்தின கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இருந்தது வெட்கத்தால்.

கங்கம்மா சொன்னது உண்மை. இருபதாம் தேதி என்னால் இங்கே இருக்க முடியவில்லை. ஸ்டேஷனில் இறங்காவிட்டால் சபதம் கெடாது என்று கணக்குப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். புத்தூரில் ரயில் நின்றது. எதிரே பனியில் ஒன்றும் தெரியவில்லை. தள்ளுகிறவர்களின் ஏலேலோ வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஏலேலோ வரவில்லை. நம் எஞ்சின் சத்தம் வந்தது, முதல் இழுப்பிலேயே. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கை தட்டினேன், அழுதேன். பக்கத்தில் இருந்தவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார். என் பெண்டாட்டி வண்டி என்று அவரிடம் சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால், பிறகு ஏன் இறங்கவில்லை என்று கேட்டிருப்பார். ரேணிகுண்டா வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வருகிற வழியிலும் புத்தூரில் ரயில் நின்றது. அப்போதும் இறங்கவில்லை. என்னைப் போல் ஒரு முட்டாள் இரண்டு ராஜ்யத்திலும் கிடையாது.

முதலில் தோன்றியது உனக்குத்தான். ஒத்துக்கொள்கிறேன். இங்கே ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஸ்டார்ட் ஆகாத லாரி எது வந்தாலும் இப்போது முதலில் பட்டையைத்தான் கழற்றிப் பார்க்கிறார்கள், குங்குமம் இருக்கிறதா என்று.

கோடு எங்கே விழுந்தது என்று எனக்கு இன்னும் வருத்தம்தான். அது போகாது. ஆனால் அந்தக் கோட்டை நீ தினமும் தாண்டிக்கொண்டு வரப் போகிறாய், நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு சபதத்தைக் காவல் காக்க வேண்டுமா? போகிக்கு எரிக்க என் அறையில் பழைய பாயைத் தவிர ஒன்றும் இல்லை. அதோடு அந்தச் சபதத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். முதலாளியிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டேன்.

முதல் ட்ரிப் திரும்பும்போது முனிரத்தினத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு இடம் வை. டிக்கெட் நகரிக்கு வேண்டாம், ரேணிகுண்டாவுக்கும் வேண்டாம், புத்தூருக்குக் கிழி. கடைத்தெரு முன்னால்தான் சபதம் செய்தேன், கடைத்தெரு முன்னாலேயே இறங்குகிறேன். எல்லோரும் நின்று பார்க்கட்டும், வேண்டிய மட்டும் சிரிக்கட்டும். அவர்களுக்குத்தான் இனித் தள்ளுகிற வேலை இல்லையே.

மடித்து வைத்த வேட்டியை எடுத்து வை.

உன் வேதாச்சலம்